தோட்டத்து மரத்தளம்: கல் முதலில், பலகை பிறகு

மரச் சிற்பத்துக்காக 2021இல் புவிசார் குறியீடு பெற்ற ஊர் கள்ளக்குறிச்சி. மரத்தின் குணம் அறிந்த ஆசாரிகளுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் தோட்டத்தில் மரத்தளம் போட ஆசைப்படுகிறவர்கள் தேக்கா வேங்கையா என்று அலைந்து பலகை தேடுகிற அளவுக்கு, அது உட்காரப்போகும் மண்ணைப் பார்ப்பதில்லை. என் ஆதங்கம் அதுதான்.

தரையோடு தரையாகக் கிடக்கும் தளம் மாடித் தளத்தைவிடக் கடினமான வேலை. மேற்புறம் வெயிலில் காயும், அடிப்புறம் ஈரத்திலேயே கிடக்கும். அதனால் பலகை ஓரங்களில் எழும்பி வளைகிறது. ஈரம் தங்கிய இடத்தில் உளுப்பு வரும். மண்ணைத் தொட்ட இடத்தில் கரையான் ஏறும். வைரம் பாய்ந்த தேக்கு தாக்குப்பிடிக்கலாம். அதன் ஓரத்து வெளிர்மரம் பிடிக்காது. பழைய வீட்டு முற்றத்துத் தூண்களைப் பாருங்கள். மரத்தூண் தரையைத் தொடாது. கீழே கருங்கல் பாதம் இருக்கும். நமக்கு வேண்டிய பாடம் முழுவதும் அந்தக் கல்லில் இருக்கிறது.

சமவெளியில் செம்மண் என்றால் வேலை சுலபம். வேரும் மக்கும் கலந்த மேல்மண்ணை வழித்துவிட்டு, கெட்டி மண் தட்டியதும் நிறுத்தலாம். களிமண்தான் படுத்தும். மழையில் உப்பி, கோடையில் வெடித்து, மேலே வைத்த கல்லை ஒவ்வொரு பருவத்திலும் அசைக்கும். அங்கே பலர் செய்கிற காரியம், ஆழமாகத் தோண்டி ஜல்லியைக் கொட்டி நிரப்புவது. சுற்றிலும் களிமண் இருக்க, நீர் எங்கே போகும்? பள்ளம் தொட்டியாகிவிடும். தோண்டுவதைக் குறைத்து, கிராவல் கொட்டித் தரையை உயர்த்துவதே சரி. ஒரே தடவையில் கொட்டாமல் 10 முதல் 15 சென்டிமீட்டர் கனமாகப் பரப்பி, லேசாக நனைத்து, திமிசு போட்டு இறுக்கி, பிறகு அடுத்த அடுக்குக்குப் போக வேண்டும். நெல் வயலை மேடாக்கிய மனையென்றால் ஒரு மழைக்காலமாவது மண் அமர விடுங்கள். அவசரப்பட்டால் தளம் ஒரு பக்கம் இறங்கும்.

மேலே பலகை மட்டமாகத் தெரியலாம். அடியில் உள்ள மண் மட்டமாக இருக்கவே கூடாது. வீட்டுச் சுவரிலிருந்து வெளியே மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் விட வேண்டும். டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கும் கொத்தனாருக்கு இது சிறிய வேலை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை இந்த மாவட்டத்தையும் புரட்டியெடுத்ததை மறந்துவிட்டு யாரும் வாட்டம் தீர்மானிக்கக் கூடாது.

இறுகிய தரைமேல் கருங்கல் துண்டுகளோ கான்கிரீட் கட்டைகளோ வரிசையாக நிற்கட்டும். மண்ணுக்கும் மரத்துக்கும் இடையே அரைச் சாணாவது இடைவெளி வேண்டும். கல்லுக்கும் பலகையைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் துண்டு வைத்தால் கல்லின் ஈரம் மரத்தில் ஏறாது. 25 மில்லிமீட்டர் பலகைக்குச் சட்டங்கள் 40 சென்டிமீட்டருக்கு ஒன்று. பலகைகளுக்கு நடுவே 5 மில்லிமீட்டர் சந்து. அழகுக்காகச் சுற்றிலும் செங்கல் வைத்து அடைத்துவிடாதீர்கள். காற்று உள்ளே நுழைந்து வெளியேற வழியில்லாவிட்டால் மற்ற எல்லாச் செலவும் வீண்.

கல்வராயன் மலைமேல் கணக்கே வேறு. வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் சரிவான நிலத்தில் மேல்பாதியை வெட்டி, அந்த மண்ணையே கீழ்ப்பாதியில் கொட்டிச் சமமாக்குவது வழக்கமான தவறு. வெட்டிய பக்கம் அசையாது, கொட்டிய பக்கம் அமரும், நடுவில் சட்டம் முறியும். சரிவைச் சரிவாகவே விட்டு, மேற்பக்கம் குட்டையாகவும் கீழ்ப்பக்கம் உயரமாகவும் கல்கால்களை வெட்டுப்படாத மண்ணில் இறக்குங்கள். மேட்டிலிருந்து வரும் நீரைத் தளத்துக்கு முன்பே மடக்கித் திருப்ப ஒரு வாய்க்கால் கட்டாயம். கோமுகி ஆறு பிறக்கும் மலை இது. தண்ணீருக்கு இங்கே வேகம் அதிகம். மரம் எங்கிருந்து வந்ததென்பதும் முக்கியம். காட்டு மரத்தைத் தொடாமல், ரசீதோடு வாங்குங்கள்.

கடைசியாக ஆசாரியிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: நடுவில் இரண்டு பலகைகளைக் கழற்றி மாட்டும்படி திருகாணியில் வைக்கட்டும். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அவற்றைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தால், கல்மேல் கரையான் மண்கோடு போட்டிருப்பது சட்டத்தை எட்டுவதற்கு முன்பே கண்ணில் பட்டுவிடும்.