கூப்பிட ஒரு பெயர், எழுத ஒரு பெயர்

ஆயிரக்கணக்கான கணினிகள் அடுக்கிய தரவு மையத்தை, கேட்பவருக்குக் கேட்ட அளவில் பிரித்துக் கொடுக்கும் திறமூல மென்பொருள் ஓப்பன்ஸ்டாக். 2010இல் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. தனித்தனிக் குழுக்கள் எழுதும் பல கூறுகள் சேர்ந்ததே இந்த மென்பொருள். மெய்நிகர்க் கணினிகளை இயக்குவது நோவா. வட்டு இடம் தருவது சிண்டர். வந்திருப்பவர் யார் என்று சரிபார்ப்பது கீஸ்டோன். யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று கணக்கெடுப்பது சீலோமீட்டர். மேகத்தின் அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளக்கும் வானிலைக் கருவியின் பெயர் அது. மேகம் என்று பொருள்படும் ‘கிளவுட்’ வகை மென்பொருளுக்குள் இப்படி ஒரு சிலேடை. எழுதியவர்களுக்கு இது சுவையாக இருக்கலாம். புதிதாக வருபவருக்குத் தலை சுற்றும். செய்கிற வேலையையே பெயராக வைத்தால் என்ன என்று அவர் கேட்பது நியாயம்தான். ஆனால், பெரிய திட்டத்தில் ஒரு பெயர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: இது என்ன செய்கிறது, இதற்குப் பொறுப்பு யார். இந்த இரண்டு பதில்களும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. அதனால் ஒரே பெயரில் இரண்டையும் அடைப்பது சரிப்படாது.

தொடக்கத்தில் வட்டும் வலையமைப்பும்கூட நோவாவின் பொறுப்பில்தான் இருந்தன. வட்டு வேலையைச் செய்த பகுதிக்கு நோவா-வால்யூம் என்று பெயர். அது வளர்ந்து பெருத்ததும், 2012இல் சிண்டர் என்ற தனித் திட்டமாகப் பிரிந்தது. அங்கே அந்தப் பகுதியின் பெயர் சிண்டர்-வால்யூம் ஆயிற்று. வேலையைச் சொன்ன பாதி அப்படியே நின்றது, வீட்டைச் சொன்ன பாதி மட்டும் மாறியது. வலையமைப்பும் படிப்படியாகக் குவாண்டம் என்ற தனித் திட்டத்துக்குப் போனது. இத்தனை பொறுப்புகள் கைமாறியும் நோவா தன் பெயரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெயர் எந்த வேலையையும் குறிக்காததால், எந்த வேலை போனாலும் அது பொய்யாகவில்லை. செய்யும் வேலைகளையெல்லாம் சேர்த்து அதற்குப் பெயர் வைத்திருந்தால், இரண்டே ஆண்டில் அது தவறான பலகையாகியிருக்கும்.

புனைபெயர்களுக்கு விலை உண்டு என்ற மறுப்பையும் ஒதுக்க முடியாது. காந்த நாடாவில் தரவு சேமிக்கும் கருவிகள் விற்கும் நிறுவனம் ஒன்று குவாண்டம் என்ற பெயரில் ஏற்கெனவே இருந்தது. வணிகக் குறியீட்டுச் சிக்கல் வர, 2013இல் அந்தத் திட்டம் நியூட்ரான் ஆனது. நிரல் தொகுதிகள், கட்டளைகள், அமைப்புக் கோப்புகள் எங்கும் பழைய சொல்லைத் தேடிப் பிடித்து மாற்ற வேண்டியிருந்தது. ஏற்கெனவே நிறுவியிருந்தவர்கள் தங்கள் ஸ்கிரிப்டுகளையும் திருத்த வேண்டி வந்தது. மறு ஆண்டு சவானா என்ற கூறும் சகாரா ஆயிற்று. பொதுச் சொற்களைப் பெயராக வைத்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காதுதான். ஆனால், குறியீட்டுப் பதிவேடுகளை முன்கூட்டியே புரட்டினால் பெரும்பாலும் இதைத் தவிர்த்துவிடலாம். வேலை மாறுவதை அப்படி முன்கூட்டித் தடுக்க முடியாது.

புதியவரின் குழப்பத்துக்கு விடை, வாசலில் வேறு பெயர் எழுதி வைப்பது. வீட்டில் கூப்பிட ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் எழுத ஒரு பெயரும் நமக்குப் புதிதல்ல. முன்பு மெய்நிகர்க் கணினி ஒன்றை உருவாக்க ‘நோவா பூட்’ என்று கட்டளையிட வேண்டும். இப்போது ‘ஓப்பன்ஸ்டாக் சர்வர் கிரியேட்’ என்றால் போதும். நோவா யார் என்று தெரியத் தேவையில்லை. லினக்ஸின் க்னோம் திரைச்சூழலும் இதே வழியில், 2012இல் நாட்டிலஸ் என்ற நிரலைத் திரையில் ‘கோப்புகள்’ என்று காட்டத் தொடங்கியது. உள்ளே அது இன்னும் நாட்டிலஸ்தான். இரண்டு பெயர் என்றால் இரட்டைக் குழப்பம் அல்லவா, பிழை வந்தால் உள்பெயர் வெளியே தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். தெரியத்தான் வேண்டும். பழுது பார்ப்பவர் ‘கோப்புகள் திறக்கவில்லை’ என்று தேடினால் உலகத்துக் குப்பையெல்லாம் வந்து விழும்; ‘நாட்டிலஸ்’ சேர்த்துத் தேடினால் தன் சிக்கலுக்குப் பக்கத்திலாவது போய்ச் சேர்வார். ஓப்பன்ஸ்டாக் சர்வரில் பழுது பார்க்கப் போகிறவர் முதலில் திறக்கும் பதிவுக் கோப்புகளில் ஒன்றின் பெயர் நோவா-கம்ப்யூட். யாரைக் கேட்பது என்று முதல் பாதி சொல்கிறது. எதைப் பற்றிக் கேட்பது என்று மறுபாதி.