வெற்றிடம் பிடிக்கும் படிப்பு

மூலக்கூறு தனியாக இருக்கும்போது எப்படிச் சுழல்கிறது, எப்படி அதிர்கிறது, ஒளியோ எலக்ட்ரானோ மோதினால் எங்கே முறிகிறது என்று கருவி வைத்து அளப்பதுதான் சோதனைவழி மூலக்கூறு இயற்பியல். சிக்கல், அதைத் தனியாக இருக்கவைப்பதில் இருக்கிறது. நாம் மூச்சுவிடும் காற்றில் ஒவ்வொரு மூலக்கூறும் நொடிக்குப் பல நூறு கோடி முறை மற்றவற்றோடு இடித்துக்கொள்கிறது. ஆகவே இத்துறையில் முனைவர் பட்டத்துக்கு வரும் மாணவர் முதலில் பழகுவது சமன்பாடு அல்ல, வெற்றிடம்.

எஃகுக் கலத்தின் உள்சுவரில் ஒட்டிய ஈரம் போக, அதை நூறு டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் சூடேற்ற வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் செம்பு வளையம் வைத்து இறுக்குவார்கள். ஒருமுறை திறந்தால் அந்த வளையம் குப்பைக்கு. எங்கோ கசிகிறது என்றால் வெளியிலிருந்து ஒவ்வொரு மூட்டாக ஹீலியம் பீய்ச்சி, உள்ளே அது வந்து சேர்கிறதா என்று கருவியில் பார்ப்பார்கள். முதல் வருடத்தில் பெரும்பகுதி இப்படிக் கழிவதும் உண்டு. ஆய்வேட்டில் இதற்கு அரைப் பக்கம்கூடக் கிடைக்காது.

இந்த உழைப்பு எதற்கு என்பதை ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் பார்க்கலாம். அங்குள்ள மாக்ஸ் பிளாங்க் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தில் 35 மீட்டர் சுற்றளவுள்ள குளிர் சேமிப்பு வளையம் ஒன்று 2015 முதல் மைனஸ் 260 டிகிரிக்கும் கீழான குளிரில் இயங்குகிறது. காந்தம் இல்லாமல், மின்புலத்தாலேயே அயனிகளை வளைத்துச் சுற்றவிடுகிறார்கள். அதனால் கனமான மூலக்கூறுகளையும் சேமிக்க முடிகிறது. அறை வெப்பத்தில் இருக்கும் சுவர்கூட அகச்சிவப்புக் கதிரால் மூலக்கூறைச் சூடாக்கிவிடும் என்பதால்தான் இத்தனை குளிர். விண்வெளியின் நிலையை அறைக்குள் கொண்டுவந்ததற்கு இது சமம்.

ஹீலியம் ஹைட்ரைடு அயனியை எடுத்துக்கொள்ளலாம். பெருவெடிப்புக்குப் பின் முதலில் உருவான மூலக்கூறு இதுவே என்று கருதப்படுகிறது. 1925-லேயே ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டாலும், விண்ணில் அது கண்டறியப்பட்டது 2019-ல்தான். சோஃபியா என்ற பறக்கும் தொலைநோக்கி என்.ஜி.சி. 7027 நெபுலாவில் அதைக் கண்டது. அதே ஆண்டு ஹைடல்பெர்க் குழு இந்த அயனியை வளையத்தில் ஆறவிட்டு, எலக்ட்ரான் கற்றையோடு இணையாக ஓடவைத்து அளந்தது. குளிர்ந்த நிலையில் அது எலக்ட்ரானைப் பற்றி உடையும் வீதம், முன்பு கருதியதைவிட மிகக் குறைவு. அப்படியானால் ஆதிப் பிரபஞ்சத்தில் அது நினைத்ததைவிட அதிகமாகவே தங்கியிருக்க வேண்டும்.

லேசர் பக்கம் போகிறவர்களுக்கு வேலை வேறு மாதிரி. மூலக்கூறு உடைந்து தெறிக்கும் துண்டுகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் பிடித்து, அவற்றின் உந்தத்தைக் கணக்கிடும் வினை நுண்ணோக்கி அவர்களுடைய முக்கியக் கருவி. அட்டோநொடி ஒளித்துடிப்புகளுக்கு 2023-ல் நோபல் பரிசு கிடைத்த பிறகு இந்தப் பக்கம் கூட்டம் அதிகம் என்றால் வியப்பில்லை.

ஜெர்மனியில் முனைவர் படிப்பில் சேரப் பொதுவாக முதுநிலைப் பட்டம் வேண்டும். பொது நுழைவுத் தேர்வு கிடையாது. மதிப்பெண், பரிந்துரைக் கடிதம், நேர்காணல் ஆகியவற்றை வைத்து ஆய்வுக் குழுவே தேர்ந்தெடுக்கிறது. மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள் தாமே பட்டம் தருவதில்லை; வேலை அங்கே, பட்டம் பல்கலைக்கழகத்திடமிருந்து. ஒப்பந்தப்படி மாதப் பணம் உண்டு. மூன்று, நான்கு வருடம் ஆகும்.

இந்தியாவில் மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம், சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் இத்தகைய சோதனைக் குழுக்கள் இருக்கின்றன. நெட், கேட், ஜெஸ்ட் தேர்வுகள் வழியே நேர்காணலுக்கு அழைப்பு வரும். எந்தத் தேர்வு செல்லும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஜே.ஆர்.எஃப். எனப்படும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. விண்ணப்பிக்கும் முன் அந்தக் குழுவின் கருவி இப்போது ஓடுகிறதா, இனிமேல்தான் கட்டப்போகிறார்களா என்று கேட்டுவிடுவது நல்லது. கட்டும் கட்டத்தில் சேர்ந்தவருக்குக் கைத்திறன் கூடும், ஆய்வுக் கட்டுரை தாமதமாகும்.