மயிலாப்பூர் போர்டிகோவில் ஒரு ஹாட் ராட்: கட்டலாம்... ரோட்டில் ஓட்டலாமா?

பழைய கார் ஒன்றை வாங்கி, கூரையை வெட்டி, பானெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெரிய இன்ஜினை உட்காரவைத்து, ஒரே நிமிட ரீல்ஸில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறார்கள். பார்த்ததும் தாத்தாவின் ஹெரால்டோ, பெரியப்பாவின் பத்மினியோ ஞாபகம் வருவது இயல்புதான். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் பழைய வீடுகளின் போர்டிகோவில் தார்ப்பாய் போர்த்திய வண்டிகள் இன்னும் நிற்கின்றன. ஒரு வெல்டிங் மெஷின் வாங்கி, சனி ஞாயிறு உட்கார்ந்தால் நாமும் கட்டிவிடலாமே? கட்டலாம். ஆனால், ரீல்ஸில் யாரும் காட்டாத ஒரு பொருள் உண்டு: ஆர்.சி. புக்.

ஹாட் ராட்னா என்ன?

1930-களில் தெற்கு கலிஃபோர்னியாவில் தொடங்கிய பழக்கம் இது. கையில் காசில்லாத இளைஞர்கள், மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டு கார்களை வாங்கினார்கள். மட்கார்டு, கூரை என எடை கூட்டும் எல்லாவற்றையும் கழற்றினார்கள். 1932-ல் ஃபோர்டு வி8 இன்ஜின் வந்ததும், பழைய பாடிக்குள் அதை இறக்கினார்கள். வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டி வேகம் பார்த்தார்கள். போர் முடிந்ததும் இது பெரிய கூட்டமானது. 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே பத்திரிகை வந்தது. தெருவில் நடந்த ரேஸை மைதானத்துக்குள் கொண்டுவர 1951-ல் ஒரு தேசியச் சங்கமே உருவானது.

சென்னைக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்தியது. வெளிநாட்டு ரேஸ் கார் இறக்குமதி செய்வது லேசுப்பட்ட காரியமாக இல்லாத காலம். அதனால் ஃபியட், அம்பாசடர், ஹெரால்டு என்று கையில் கிடைத்ததைத்தான் பட்டறையில் வைத்துச் செதுக்கினார்கள்.

இதில் ஹெரால்டு தனி ரகம். வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் தயாரித்த, நம்ம ஊர் கார். பாடியைப் போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம். கீழே சேஸிஸ் தனியாக நிற்கும். இன்றைய கார்களில் பாடியும் சேஸிஸும் ஒரே கூடு என்பதால் இந்த வேலை நடக்காது. பிரிட்டனிலும் வீட்டிலேயே கார் கட்டியவர்கள் ஹெரால்டு சேஸிஸைத் தேடிப் பிடித்தது இதனால்தான்.

இந்தப் பட்டறை மரபின் உச்சம் கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன். மாருதி 800 இன்ஜினை, குழாய்களால் ஆன சேஸிஸில் பொருத்தி 1980-களின் இறுதியில் ‘ஃபார்முலா மாருதி’ ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயனின் ரேஸ் வாழ்க்கை தொடங்கியது இந்த வகைக் காரில்தான். 1995-ல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். கோவையில் உள்ள ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ அவர் பெயரைத் தாங்கியது.

வேலை எங்கே சிக்கும்?

பொருள் கிடைப்பது பிரச்னையே இல்லை. இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸிலுக்கு புதுப்பேட்டை. லைட், சீட், ஆக்சஸரீஸுக்கு ஜி.பி. ரோடு. அம்பாசடரில் வந்த 1.8 லிட்டர் இசுஸு பெட்ரோல் இன்ஜின், பழைய வண்டிக்காரர்களின் செல்லப்பிள்ளை. ஆனால், பில் இல்லாமல் இன்ஜின் வாங்காதீர்கள். அந்த இன்ஜின் நம்பர் திருட்டு வண்டியுடையதாக இருந்தால், ஆர்வம் நேராக ஸ்டேஷனில் போய் நிற்கும்.

உண்மையான சிக்கல் பிரேக்கில். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 90-ல் போனால், நிறுத்தவேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்கு அல்ல, 2.25 மடங்கு. 1960-களின் டிரம் பிரேக்கை அப்படியே விட்டுவிட்டு இன்ஜினை மட்டும் மாற்றுகிறவர், ஓடத் தெரிந்த, நிற்கத் தெரியாத வண்டியைக் கட்டுகிறார். இன்ஜினுக்கு முன்பே பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் கணக்கு முடிந்திருக்க வேண்டும்.

அடுத்தது துரு. கடற்கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டரில் நாற்பது வருடம் நின்ற சேஸிஸ், பெயின்ட்டுக்கு உள்ளே அப்பளமாகியிருக்கலாம். சுத்தியலால் தட்டிப் பார்த்து, பழைய இரும்பை வெட்டியெடுத்து, நல்ல தகடு வைக்க வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி கனெக்‌ஷனைப் பிடுங்கி, பெட்ரோல் டேங்கை வண்டியிலிருந்தே இறக்கிவிடுங்கள். காலி டேங்க்தானே என்ற நினைப்பு வேண்டாம். உள்ளே தங்கும் ஆவிதான் வெடிக்கும். சேஸிஸ், ஸ்டீயரிங் வெல்டிங்கை யூடியூப் பார்த்துப் பழகாதீர்கள். அதற்கு அனுபவமுள்ள டிங்கரிங் பட்டறைக்காரரைக் கூப்பிடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52: தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் (பிரிவு 182ஏ) தண்டனையையும் சேர்த்தது: ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. இன்ஜின், சேஸிஸ், பாடி என்று எண்ணினால் மீட்டர் எங்கே போகும் என்று பாருங்கள்.

சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரிக்கு மாற சட்டத்தில் வழி உண்டு. ஆனால் கிட் ஒப்புதல் பெற்றதாக இருக்க வேண்டும். நாமே மோட்டார் வாங்கி மாட்டினால் அதுவும் மீறல்தான். சேஸிஸிலிருந்து புதிதாகக் கட்டினால்? தயாரிப்பாளர்போல வண்டியைச் சோதனைக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். வீட்டுப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. பழைய இரும்பில் குட்டி ஜீப் கட்டிய மகாராஷ்டிரக்காரருக்கு, 2021 டிசம்பரில் ஆனந்த் மஹிந்திரா பொலேரோ தருவதாக அறிவித்தது ஞாபகமிருக்கலாம். விதிப்படி இல்லாததால் அதிகாரிகள் அதை ஒருநாள் நிறுத்திவிடுவார்கள் என்று அவரே பதிவில் சொல்லியிருந்தார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்து க்ளெய்ம் நிராகரிக்கப்படக் காரணமாகலாம். அடிபட்டவருக்கான இழப்பீட்டை உங்களிடமே வசூலிக்கும் நிலையும் வரலாம்.

வெட்டுவதற்கு முன் ஒரு கணக்கு

2021-ல் வந்த வின்டேஜ் விதிப்படி, 50 வயது தாண்டிய, அசல் வடிவம் மாறாத தனியார் வண்டிக்கு ‘விஏ’ எழுத்துள்ள நம்பர் கிடைக்கும். புதிய பதிவுக்கு ரூ.20,000 கட்டணம், 10 ஆண்டு செல்லும். தினசரி ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, சர்வீஸ் செய்ய எடுத்துப் போகலாம். சேஸிஸையோ, பாடியையோ, இன்ஜினையோ மாற்றியிருந்தால் இந்தத் தகுதி போய்விடும். அதாவது, 1960-களின் ஹெரால்டை வெட்டும் அந்த ஒரு நிமிடத்தில், அது வின்டேஜும் இல்லை, ரோட்டு வண்டியும் இல்லை. நல்ல நிலையில் உள்ள ஹெரால்டை வெட்டுவதே பாவம் என்பது தனிக் கதை.

அப்போ எங்கேதான் ஓட்டுவது?

டிராக்கில். இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக் இருக்கிறது. போட்டி என்றால் ரோல் கேஜ், ஹெல்மெட், லைசென்ஸ் எல்லாம் தேவை. அடையாறு பக்கமே உதாரணம் வேண்டுமென்றால், ஐஐடி மெட்ராஸின் ‘ரஃப்தார்’ மாணவர் அணி, போட்டிகளுக்காகத் தானே ரேஸ் கார் வடிவமைத்துக் கட்டுகிறது. ரோட்டில் ஓட்டுவதற்காக அல்ல என்பதால் ஆர்.சி. கவலையும் அவர்களுக்கு இல்லை.

உங்கள் வண்டி அங்கே போக வேண்டுமென்றால் ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். மயிலாப்பூரின் குறுகலான தெருக்களுக்குள் அந்த லாரி நுழையுமா என்பதை, இன்ஜின் வாங்கும் முன்பே ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.