செல் பிரியும்போது ஜீன்கள் ஏன் ஓய்கின்றன?

செல் பிரிவு என்றதும் பாடநூற்படம் உங்கள் நினைவுக்கு வரும். குரோமோசோம்கள் நடுவே வரிசையாக நிற்கும். கதிர் இழைகள் அவற்றை இரு துருவங்களுக்கும் இழுக்கும். இதனை நுண்பெருக்கியில் கண்டு 1882-ல் விரிவான நூல் எழுதியவர் ஜெர்மானிய அறிஞர் வால்தர் ஃபிளெமிங். ஆனால், இழுத்தால் மட்டும் பிரிந்துவிடுமா? அவ்வேளையில் ஜீன்கள் என்ன செய்கின்றன?

ஜீனிலுள்ள செய்தியை ஆர்.என்.ஏ.யாகப் படியெடுப்பது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் என்சைம். இரண்டு புரி கொண்ட கயிற்றின் நடுவே ஒரு குச்சியைச் செருகி முன்னே தள்ளிப் பாருங்கள். குச்சிக்கு முன்னால் முறுக்கு இறுகும். டி.என்.ஏ.யின் மீது பாலிமரேஸ் ஓடும்போதும் இதுவே நிகழ்கிறது.

அதற்காகப் படியெடுத்தலை வெறும் இடையூறு என்று எண்ணிவிட வேண்டாம். இரட்டித்த குரோமோசோமின் இரு பாதிகளையும் கோஹீசின் என்னும் வளையப் புரதம் சேர்த்துப் பிடித்திருக்கிறது. ஈஸ்ட்டில் அது ஏறிய இடத்திலேயே நிற்பதில்லை என்று 2004-ல் தெரியவந்தது. எதிரெதிராகப் படிக்கப்படும் இரு ஜீன்கள் முடியும் இடத்தில் போய்த் தங்குகிறது. தெருவின் இரு முனையிலிருந்தும் இருவர் பெருக்கி வந்தால் குப்பை நடுவில் சேருமல்லவா, அதுபோல!

பாலூட்டிகளின் செல் பிரியும்போது ஆர்.என்.ஏ. தயாரிப்பு பெரும்பாலும் நின்றுவிடுவதை 1962-ல் பிரெஸ்காட், பெண்டர் ஆகியோர் காட்டினர். ஈஸ்ட்டில் இத்தகைய ஓய்வு இல்லை என்றே நெடுநாள் கருதப்பட்டது. ஆனால் அதன் 16 குரோமோசோம்களுள் பன்னிரண்டாவது சற்று வேறுபட்டது. ரிபோசோமுக்கான ஆர்.என்.ஏ. ஜீன் அதில் ஏறத்தாழ 150 படிகளாக அடுத்தடுத்து அமைந்துள்ளது. செல்லிலேயே மிக மும்முரமாகப் படியெடுக்கப்படும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. கடைசியாகப் பிரிவதும் இதுவே.

இப்பகுதியைச் சுருக்கிப் பிரித்துவைக்கக் கண்டென்சின் என்னும் புரதம் அதன்மேல் அமர வேண்டும். பாலிமரேஸ்கள் நெருக்கியடித்து ஓடிக்கொண்டிருந்தால் அதற்கு இடமேது? பிரியும் கட்டத்தில் சி.டி.சி.14 என்னும் என்சைம் வெளிப்பட்டு அங்கே படியெடுத்தலை நிறுத்துவதை 2009-ல் கண்டறிந்தனர்.

அவ்வென்சைம் செயலற்றுப்போனால் விளைவு கடுமையானது. மற்றவை பிரிந்தாலும் பன்னிரண்டாம் குரோமோசோமின் அப்பகுதி ஒட்டியபடியே நிற்கும். செல் இரண்டாகும்போது இழை அறுபடலாம்; அல்லது இரண்டு பாதிகளும் ஒரே சேய்க்குப் போய்விடலாம். ரிபோசோம் ஜீன்களைப் பெறாத சேய் புரதம் செய்ய வழியின்றி மடியும்.

இதில் சுவையான சோதனை ஒன்று உண்டு. சி.டி.சி.14 செயலற்ற ஈஸ்ட்டில் வேறு வழியில் அந்தப் பாலிமரேஸை நிறுத்திப் பார்த்தனர். கண்டென்சின் வந்து அமர்ந்தது. ஒட்டிநின்ற பகுதியும் பிரிந்தது.