மின்னஞ்சலுடன் கோப்புகளை இணைத்தல்

பயிரில் கண்ட பூச்சி, நோய்களின் படங்களை மின்னஞ்சலில் இணைத்துச் சந்தாதாரர் பலருக்கும் ஒருங்கே அனுப்பும் வழக்கம் பரவியுள்ளது. இதில் கவனிக்கத்தக்கவை இரண்டு.

முதலாவது, பாரம். கோப்பானது அஞ்சலிற் செல்லுதற்கேற்ப எழுத்துக்களாக மாற்றப்படுகையில் மூன்று பங்கு நான்காகப் பெருகும். ஆகவே, 3 மெகாபைட் படம் ஏறக்குறைய 4 மெகாபைட் ஆகிறது. சந்தாதாரர் 500 பேராயின் மொத்தம் 2,000 மெகாபைட். அஞ்சற்பெட்டி நிரம்பியவருக்கு, அடுத்து வரும் புகையான் எச்சரிக்கை சேராமற் போகும்.

இரண்டாவது, அபாயம். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'ஐ லவ் யூ' என்னும் கணினிக் கிருமி, கடிதம் போன்ற இணைப்பாக வந்தது. அது நிரலென்று காட்டும் பெயரின் ஈற்றுப்பகுதி விண்டோஸில் மறைந்திருந்தமையால் பலர் ஐயமின்றித் திறந்தனர். உடனே அவர்களது முகவரிப் புத்தகத்திலிருந்தோர்க்கெல்லாம் அது தானே சென்றது.

ஆதலின், அனுப்புவோர் செய்யத்தக்கவை:

1. செய்தியைக் கடிதத்திலேயே எழுதுக.
2. படத்தை இணையத்தில் ஓரிடத்தில் ஏற்றி, அதன் முகவரியை மட்டும் அனுப்புக.
3. இணைத்தே தீரவேண்டின், படத்தின் அளவைச் சுருக்குக.

பெறுவோர், தாம் கேளாத இணைப்பை அனுப்பியவரிடம் விசாரித்தறியாமல் திறத்தலாகாது. அறிந்தவர் பெயரில் வந்ததென்பது மட்டும் போதிய சான்றன்று.