தூரத்துச் சூரியன்களின் கிரகங்களைச் சாதாரண ஆட்கள் கண்டுபிடித்த விதம்



பனிமூட்டம் இல்லாத இராத்திரியில் லயத்து வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும் விண்மீன்கள் எல்லாம் நம்முடைய சூரியனைப் போன்ற சூரியன்கள்தான். ரொம்பத் தூரத்தில் இருப்பதால் புள்ளியாகத் தெரியுது. பூமி நம் சூரியனைச் சுற்றுவது போல அவற்றையும் கிரகங்கள் சுற்றுகின்றன. சூரியனைப் போன்ற இன்னொரு விண்மீனுக்குக் கிரகம் உண்டு என்பதை 1995இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் இருவர் முதலில் காட்டினார்கள். இப்போது 6000க்கு மேல் தெரிய வந்துவிட்டது. இவற்றில் சிலவற்றை முதலில் கண்டவர்கள் விஞ்ஞானிகள் இல்லை, வேறு தொழில் செய்யும் ஆட்கள். அது எப்படி என்பதைத்தான் நாம் சொல்ல வருகிறோம்.

அந்தக் கிரகங்களை நேராகப் பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. விண்மீனின் வெளிச்சம் மறைத்துவிடும். ஆனால் வாசல் பல்புக்கு முன்னால் ஒரு பூச்சி பறந்தால் வெளிச்சம் கொஞ்சம் குறையுமல்லவா? அதேபோல கிரகம் குறுக்கே போகும்போது விண்மீன் துளி மங்கும். வியாழன் அளவுக் கிரகமென்றால் 100இல் 1 பங்கு. பூமி அளவென்றால் 10,000இல் 1 பங்கு கூட வராது.

இதை அளக்க அமெரிக்கா 2009இல் கெப்ளர் என்ற தொலைகாட்டியை விண்வெளிக்கு அனுப்பியது. அது ஏறக்குறைய 150,000 விண்மீன்களின் வெளிச்சத்தை அரை மணிக்கொரு தடவை அளந்தது. அளவுகளை வரைபில் புள்ளி புள்ளியாக வைத்தால், கிரகம் கடந்த இடத்தில் சின்னப் பள்ளம் விழும். ஒரே இடைவெளியில் அந்தப் பள்ளம் திரும்பத் திரும்ப வரவேண்டும். அப்படி வருவதைக் கணனி தேடிப் பிடித்துவிடும். இடைவெளி மாறி மாறி வந்தால்தான் கணனி தடுமாறும்.

அதனால் 2010 டிசம்பரில் அந்த வரைபுகளைப் பொதுமக்களிடமே கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு வரைபில் முறையில்லாமல் விழுந்த பள்ளங்களைத் தொண்டர்கள் இருவர் கவனித்தார்கள். விசாரித்துப் பார்த்தால், அந்தக் கிரகத்துக்கு இரண்டு சூரியன்! 20 நாளுக்கொரு தடவை ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்களை அது 138 நாளில் சுற்றி வருகிறது. 2012இல் அறிவித்தார்கள். ஆய்வுக் கட்டுரையில் விஞ்ஞானிகளோடு அந்த இருவரின் பெயரும் ஆசிரியர்களாகப் போடப்பட்டது. அது நியாயம் என்றே நாம் நினைக்கிறோம். கண்டவன் ஒருவன், பெயர் இன்னொருவனுக்கு என்பது எத்தனை இடத்தில் நடக்குது.

"நமக்கு எங்கே விஞ்ஞானம், படிப்பு பாதியில் நின்னு போச்சே" என்று சொல்லும் இளைஞர்கள் அடுத்ததைக் கவனமாக வாசிக்க வேணும். 2017 ஏப்ரலில் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சியில் ஒரு வானியல் நிகழ்ச்சி. கணனி சந்தேகப்பட்ட பள்ளங்களைக் காட்டி, "இது கிரகமா, இல்லையா?" என்று மக்களிடம் கேட்டார்கள். 48 மணித்தியாலத்தில் 10,000 பேருக்கு மேல் சேர்ந்து 20 இலட்சத்துக்கு மேல் பதில் கொடுத்தார்கள். அதில் ஒரே விண்மீனுக்கு நான்கு கிரகம் அகப்பட்டது. கண்டவர்களில் ஒருவர் டார்வின் நகரத்துக் கார் மெக்கானிக். பிறகு விஞ்ஞானிகள் ஐந்தாவதையும், 2021இல் ஆறாவதையும் உறுதிப்படுத்தினார்கள்.

கே2-138 என்ற அந்த விண்மீனின் ஐந்து கிரகங்கள் ஒரு தாளத்தில் சுற்றுகின்றன. உள்ளே இருப்பது மூன்று சுற்றுப் போனால், அடுத்தது ஏறக்குறைய இரண்டு சுற்று. அதற்கடுத்ததும் அதே கணக்கு.

ஆனால் பள்ளமெல்லாம் கிரகமில்லை. இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று மறைத்தாலும் பள்ளம் விழும். கருவிக் கோளாறாலும் விழும். அதனால் தொண்டர் காட்டியதை விஞ்ஞானிகள் பெரிய தொலைகாட்டிகளில் மறுபடி சோதிக்கிறார்கள். பல தள்ளுபடியாகிவிடும். இருந்தாலும் பழகின கண்ணுக்கு ஒரு மதிப்பு இருக்கு. கொழுந்துக் கூடைக்குள் முற்றின இலையை ஒரே பார்வையில் பொறுக்கிப் போடும் அக்காமாருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

கெப்ளர் 2018இல் எரிபொருள் தீர்ந்து நின்றுவிட்டது. அதே வருடம் டெஸ் என்ற இன்னொன்றை அனுப்பினார்கள். அது அளக்கும் கணக்குகளையும் பூட்டி வைப்பதில்லை. கணனியும் இணைய வசதியும் உள்ள எவரும் காசில்லாமல் எடுத்துப் பார்க்கலாம்.