வெள்ளத்தில் பிழைக்கும் நெல்: பயிருக்குள் ஒரு மூக்கணாங்கயிறு

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயல் மூழ்கிப் போவது டெல்டா பக்கத்தில் புதிதல்ல. பத்து நாள் கழித்து வெள்ளம் வடிகிறது. வரப்பில் நின்று பார்க்கிறீர்கள். ஒரு வயலில் பயிர் வெளுத்து, நெட்டையாக இழுத்து, சேற்றில் படுத்துக் கிடக்கிறது. கையால் தொட்டு இழுத்தால் அழுகல் வாடையோடு வந்துவிடுகிறது. அடுத்த வயலில் பயிர் குட்டையாக, சேறு பூசிக்கொண்டு நிற்கிறது. "இதுவும் போச்சு" என்று நினைக்கிறீர்கள். ஆனால் ஒரு வாரம் போனால் அதிலிருந்து புதுக் குருத்து கிளம்புகிறது!

மண் ஒன்று, மழை ஒன்று, தண்ணீர் நின்ற நாளும் ஒன்று. பின் ஏன் இந்த வித்தியாசம்?

"ரகம் வேறங்க" என்பீர்கள். சரிதான். அந்த ரகத்துக்குள் அப்படி என்ன இருக்கிறது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அதைத் தெரிந்துகொண்டால், வெள்ளம் வடிந்த வயலில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது உங்களுக்கே விளங்கும். விஷயம் முழுக்க ஒரு பொருளைச் சுற்றித்தான் இருக்கிறது. அதுதான் புரதம்.

ஓலையும் கொட்டானும்

புரதம் என்றால் பருப்பும் முட்டையும் பாலும்தான் நம் நினைவுக்கு வரும். அது சாப்பாட்டுக் கணக்கு. பயிருக்குள்ளும் புரதம் உண்டு. அங்கே அது வேலையாள். செங்கல் செங்கலாக வீடு கட்டுவதுபோல, நெற்பயிரும் கண்ணுக்குத் தெரியாத செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் வேலை பார்க்கின்றன. முளைவிடும் விதையில் மாவைச் சர்க்கரையாக மாற்றுவது ஒரு புரதம். இலையில் காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடிப்பது இன்னொரு புரதம்.

எல்லாப் புரதமும் அமினோ அமிலம் என்ற மணிகளைக் கோத்த சரம்தான். மணிகளில் 20 வகை. எந்த மணிக்குப் பின் எந்த மணி வர வேண்டும் என்பது விதையிலுள்ள மரபணுவில் எழுதியிருக்கிறது. ஆனால் சரம் நீட்டிக் கிடந்தால் வேலை நடக்காது. அது மடிய வேண்டும்.

பனை ஓலையைப் பாருங்கள். ஓலையாகக் கிடக்கும்வரை அதில் ஒரு பிடி அரிசிகூட நிற்காது. மடித்து முடைந்தால் கொட்டான்; அரிசி அளக்கலாம். வேறு மாதிரி மடித்தால் விசிறி, காற்று வாங்கலாம். பொருள் ஒன்றுதான். மடிப்பில் இருக்கிறது வேலை. புரதமும் அப்படியே. சரியாக மடிந்தால் அதில் குழி விழும், மேடு எழும். பூட்டுக்குச் சாவிபோல, அந்தக் குழிக்குள் பொருந்தும் பொருளை மட்டும் அது பிடித்து வேலை செய்யும்.

மடிப்பு குலைந்தால் வேலையும் போச்சு. முட்டையை வேக வைத்தால் வெள்ளைக் கரு கெட்டியாகிறதே, அது சூட்டில் புரதத்தின் மடிப்பு குலைந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால்தான். வெந்த முட்டை குஞ்சு பொரிக்காது என்பது உங்களுக்குத் தெரியாததா?

யூரியாவில் நடந்த சோதனை

ஓலையை மடிக்க ஆள் வேண்டும். புரதத்தை மடிப்பது யார்? இதற்கு அமெரிக்க விஞ்ஞானி கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் விடை கண்டார். மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த, 124 மணிகள் கொண்ட ஒரு புரதத்தை யூரியாக் கரைசலில் போட்டார். ஆமாம், நீங்கள் வயலுக்குப் போடும் அதே யூரியாதான். ஒரு லிட்டர் கரைசலில் ஏறக்குறைய அரைக் கிலோ யூரியா என்ற அளவு. மடிப்புகளை இறுக்கிப் பிடிக்கும் கட்டுகளை அவிழ்க்க இன்னொரு ரசாயனமும் சேர்த்தார். புரதம் அவிழ்ந்து சரமாகியது, வேலை நின்றது. பிறகு யூரியாவையும் ரசாயனத்தையும் நீக்கினார். யாரும் தொடாமலே அந்தச் சரம் பழையபடி மடிந்துகொண்டது. வேலையும் திரும்பியது. மடிக்கும் விதம் மணிகளின் வரிசையிலேயே அடங்கியிருக்கிறது என்று இதனால் தெரிந்தது. 1972ல் இவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வேலையில் நம் சென்னைக்கும் பங்குண்டு. புரதச் சரம் எந்தெந்தக் கோணத்தில் திரும்ப முடியும், எதில் முடியாது என்று கணக்கிட்டு, 1963ல் ஒரு வரைபடம் தந்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும். இன்றும் உலகம் முழுக்கப் புரத ஆராய்ச்சியில் 'ராமச்சந்திரன் வரைபடம்' புழங்குகிறது.

இருக்கும் புரதம், இல்லாத புரதம்

இனி நெல்லுக்கு வருவோம். நெற்பயிரின் செல்லுக்குள் ஒரு புரதம் உண்டு. விஞ்ஞானிகள் அதற்கு எஸ்.எல்.ஆர்.1 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் நமக்கு வேண்டாம். அதன் வேலை என்ன தெரியுமா? மாட்டுக்கு மூக்கணாங்கயிறு எப்படியோ, பயிரின் வளர்ச்சிக்கு அது அப்படி. கயிறு இருக்கும்வரை பயிர் அடங்கி நிற்கும். கயிறு அறுந்தால் கிளம்பிவிடும்.

இந்தக் கயிற்றை அறுக்கச் சொல்வது ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி. அதை வரவேற்க செல்லில் இன்னொரு புரதம் காத்திருக்கிறது. இதை 2005ல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் நெல்லில்தான் கண்டுபிடித்தார்கள். இந்தப் புரதத்தில் ஒரு குழி. ஜிப்ரலின் வந்து அதில் உட்கார்ந்ததும், செப்பு டப்பா மூடுவதுபோல மேலே ஒரு மூடி மடிந்து மூடுகிறது. அந்த மூடியின் மேற்பக்கம்தான் மூக்கணாங்கயிற்றுப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் இடம். பற்றியதும், வெட்ட வேண்டிய மரத்துக்கு எண் போடுவதுபோல அதன்மேல் ஒரு முத்திரை விழுகிறது. முத்திரை விழுந்த புரதத்தைச் செல் துண்டு துண்டாக நறுக்கிவிடுகிறது. இந்த முத்திரை முறையைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2004ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஆகவே பயிர் தேவைக்கேற்பப் புரதத்தை உண்டாக்கவும் செய்கிறது, அழிக்கவும் செய்கிறது. வாய்க்கால் மடையைத் திறப்பதும் அடைப்பதும் போல. இரண்டும் நேரத்துக்கு நடந்தால்தான் விளைச்சல்.

இது நிலைகுலைந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே நாற்றங்காலில் பார்த்திருப்பீர்கள். சில நாற்று மட்டும் வெளிர் பச்சையாக, மற்றதைவிட நெட்டையாக, ஒல்லியாக நிற்கும், பிறகு காய்ந்துவிடும். ஜப்பானில் இதை 'முட்டாள் நாற்று' என்பார்கள். ஒரு பூஞ்சாணம் சுரக்கும் பொருள்தான் காரணம் என்று 1926ல் குரோசாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி காட்டினார். அந்தப் பொருள்தான் ஜிப்ரலின்! பூஞ்சாணம் அதை அள்ளிக் கொட்ட, மூக்கணாங்கயிறு அறுந்து நாற்று தறிகெட்டு ஓடுகிறது.

இதற்கு நேர் எதிர் ஐ.ஆர். 8. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966ல் வெளியிட்ட குட்டை நெல். அதன் தண்டில் ஜிப்ரலினைத் தயாரிக்கும் புரதங்களில் ஒன்று பழுது. அதனால் ஜிப்ரலின் குறைவு, கயிறு அறுபடுவதும் குறைவு. பயிர் குட்டையாக நின்றது, உரம் போட்டும் சாயவில்லை. பசுமைப் புரட்சி என்கிறோமே, அதன் அடியில் இருந்தது இந்த ஒரு புரதத்தின் பழுது.

வெள்ளத்துக்குள் நடப்பது

பயிர் எப்போதும் எத்திலீன் என்ற வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும். வாழைக்காயைப் பழுக்க வைக்கும் அதே வாயுதான். தண்ணீருக்குள் மூழ்கினால் வாயு வெளியேற வழியில்லை, உள்ளேயே தேங்குகிறது. "மூழ்கிவிட்டோம்" என்று பயிருக்குத் தெரிவது இதனால்தான்.

சாதாரண ரகம் என்ன செய்கிறது? தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டப் பார்க்கிறது. ஜிப்ரலின் கூடுகிறது, கயிறு அறுகிறது, தண்டும் இலையும் நீள்கின்றன. வெள்ளம் ஆழமாக, பல நாள் நின்றால் எட்ட முடிவதில்லை. தண்டிலே சேர்த்து வைத்த சர்க்கரையும் மாவும் தீர்ந்துவிடுகின்றன. தண்ணீர் வடியும்போது நிற்க வலுவில்லை, படுத்துவிடுகிறது. கையிலிருந்ததையெல்லாம் ஒரே நாளில் செலவழித்த குடும்பத்தின் கதைதான்.

ஒடிசாவின் ஒரு நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற நெல் வேறு மாதிரி நடந்துகொண்டது. இரண்டு வாரம் மூழ்கியும் பிழைத்தது. விளைச்சல் குறைவு, ஆனால் அந்தக் குணம் பொன். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, அதற்குக் காரணமான சப்1ஏ என்ற மரபணுவை 2006ல் கண்டு சொன்னார்கள்.

அந்த மரபணு தரும் புரதம் ஒரு மேஸ்திரி. வெள்ளம் வந்து எத்திலீன் தேங்கியதும் அது பெருகுகிறது. மூக்கணாங்கயிற்றுப் புரதத்தைக் கூட்டுகிறது. போதாததற்கு, ஜிப்ரலினால் அறுக்க முடியாத இன்னொரு கயிற்றையும் பெருக்குகிறது. பயிர் வளராமல் மூச்சடக்கிக் கிடக்கிறது. சேமிப்பு மிச்சமாகிறது. வெள்ளம் வடிந்ததும் வாயு வெளியேறும், மேஸ்திரி விலகுவார், மிச்சமிருந்த சர்க்கரையில் புதுக் குருத்து கிளம்பும். அடுத்த வயலில் நீங்கள் பார்த்த அதிசயம் இதுதான்.

இந்தக் குணத்தை நல்ல விளைச்சல் ரகங்களில் திரும்பத் திரும்ப ஒட்டுச் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். 2009ல் ஸ்வர்ணா சப்1 இந்தியாவில் வெளியானது. நம் பக்கத்தில் சி.ஆர். 1009 சப்1 பயிராகிறது. "இது மரபணு மாற்றுப் பயிரா?" என்று கேட்பீர்கள். இல்லை. நெல்லோடு நெல்லை ஒட்டுச் சேர்த்ததுதான். வீரிய ஒட்டு ரகமும் இல்லை. கலப்பில்லாமல் பார்த்துக்கொண்டால் விதையை நீங்களே எடுத்து வைக்கலாம்.

வயலில் செய்ய வேண்டியது

முதலாவது, தண்ணீர் தேங்கும் தாழ்வான வயலுக்கு, காலம் ஒத்து வந்தால், சப்1 ரகத்தை யோசியுங்கள். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சுமார் இரண்டு வாரம்தான் தாங்கும். நட்டு வேர் பிடித்துத் தூர் கட்டும் பருவத்தில்தான் இந்தக் காவல். நேரடி விதைப்பில் விதை முளைக்கும் முன்பே தண்ணீர் தேங்கினாலும், பூக்கும் சமயத்தில் மூழ்கினாலும் இது காப்பாற்றாது. ரகம் இருக்கிறதே என்று வடிகாலைத் தூர் வாராமல் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, அடைமழைக்கு முன்னால் யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். கொழுத்து இளசாக வளர்ந்த பயிர் தண்ணீருக்குள் சீக்கிரம் அழியும். அடியுரமாக மணிச்சத்தும் சாம்பல் சத்தும் சரியாக விழட்டும்.

மூன்றாவது, வெள்ளம் வடிந்த மறுநாளே உழுதுவிடாதீர்கள். சப்1 பயிர் பார்வைக்குச் செத்ததுபோலத்தான் இருக்கும். நாலைந்து தூரைப் பிடுங்கி அடித்தண்டைக் கீறிப் பாருங்கள். உள்ளே குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. ஒரு வாரம் பொறுங்கள். கொழகொழத்து வாடை அடித்தால் மட்டுமே மறு நடவை யோசியுங்கள்.

நான்காவது, தேங்கிய தண்ணீரில் உரம் போடுவது காசைக் கரைப்பது. தண்ணீரை வடித்து, புது இலை வந்த பிறகு, யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, பொட்டாஷும் சேர்த்துப் போடுங்கள். அளவை உங்கள் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, மிக முக்கியம். "பயிர் சோர்ந்து கிடக்கு, இதை அடிங்க, ஒரே நாளில் எழும்பும்" என்று ஜிப்ரலிக் அமிலம் கலந்த மருந்தை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அடங்கிக் கிடப்பதால்தான் பயிர் பிழைத்தது. அந்த நேரத்தில் மூக்கணாங்கயிற்றை நீங்களே அறுத்துவிடலாமா?

கடைசியாக, நாற்றங்காலில் நெட்டை நாற்றைக் கண்டால் பிடுங்கி அழித்துவிடுங்கள். அடுத்த முறை சூடோமோனாஸ் கொண்டு விதை நேர்த்தி செய்து விதையுங்கள்.

வெள்ளத்தை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் மூழ்கிய பயிர் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தவர், அவசரப்பட்டு அதன்மேல் ஏர் ஓட்ட மாட்டார். அடுத்த மழையில் வரப்பில் நிற்கும்போது இது உங்கள் நினைவுக்கு வரட்டும்.